கிரீன் கார்டு மனுவில் பெயர் வேறுபாடு: எதைத் திருத்துவது, எதை விளக்குவது

கேள்வி கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். அவர் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர். கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். திருமணம் தமிழ்நாட்டில் நடந்து பதிவும் ஆகிவிட்டது. மனைவிக்குக் கிரீன் கார்டு, அதாவது அமெரிக்க நிரந்தர வசிப்புரிமை, பெறுவதற்கான முதற்படியாகிய ஐ-130 மனுவைக் கணவர் தாக்கல் செய்ய இருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் சற்று மாறிய அதே பெயர், கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலி, திருமணச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல், ஆதாரில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் என்று ஒவ்வோர் ஆவணமும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெயருக்கு மாற்றிய பிறகுதான் மனு போட வேண்டுமா, கடவுச்சீட்டில் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டுமா, ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்தால் போதாதா என்பவை அவருடைய கேள்விகள்.

எல்லா ஆவணங்களையும் ஒரே பெயருக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. அதற்காக மாதக்கணக்கில் அலைந்து மனுவைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் வீண். இந்தப் பிறப்புச் சான்றிதழில் உள்ள குழந்தையும், இந்தத் திருமணச் சான்றிதழில் உள்ள மணமகளும், இந்தக் கடவுச்சீட்டோடு எதிரே வந்து நிற்கும் பெண்ணும் ஒருவரே என்று நம்புவதற்குப் போதுமான ஆதாரம் கோப்பில் இருக்கிறதா என்றுதான் குடிவரவு அதிகாரி பார்க்கிறார். அமெரிக்கக் குடிவரவுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். இத்தகைய மனுக்களில் சான்றுகளை எடைபோடும் அளவுகோலும் அதற்கேற்றதே. குற்ற வழக்கில் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை; நீங்கள் சொல்வது உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆகவே உங்கள் முன்னால் உள்ள வேலை, இருக்கும் பெயர்கள் அனைத்தையும் மறைக்காமல் சொல்வதும், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் ஆவணங்களை வைப்பதும்தான்.

எந்த ஆவணங்கள் கணக்கில் வருகின்றன என்று தெரிந்துகொண்டாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும். திருமணத்தின் அடிப்படையிலான குடிவரவில் இந்திய ஆவணங்களாக முக்கியமாகக் கேட்கப்படுபவை கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், முந்தைய திருமணம் இருந்தால் அது முடிந்ததற்கான தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்று ஆகியவையே. ஆதார், பான், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றை யாரும் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறைதான் மாற்ற முடியும் என்ற வரம்பும் இருப்பதால், குடிவரவுக்காக என்று நினைத்து அந்த வாய்ப்பைச் செலவழிக்க வேண்டாம். வங்கி, வருமான வரி போன்ற உள்நாட்டுத் தேவைகளுக்காக அவற்றைச் சீராக்குவது தனி வேலை. அதை இந்த மனுவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மேலே சொன்ன ஆவணங்களில் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நிற்பது கடவுச்சீட்டு. விசா அதில் உள்ள பெயரிலேயே அச்சாகிறது. இந்தியாவில் தரப்படும் நன்னடத்தைச் சான்றும், விமானச் சீட்டும், மருத்துவப் பரிசோதனைப் பதிவும் அதையே பின்பற்றுகின்றன. எனவே ஐ-130 மனுவிலும், பிறகு விசாவுக்காக நிரப்பும் டிஎஸ்-260 விண்ணப்பத்திலும் உங்கள் பெயராக நீங்கள் எழுத வேண்டியது கடவுச்சீட்டில் உள்ளபடிதான். அதில் உள்ள எழுத்துக்கூட்டல் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பள்ளியில் எழுதி வந்ததே சரி என்று தோன்றலாம். அதற்காக விண்ணப்பத்தில் வேறு விதமாக எழுதினால், இல்லாத ஒரு புதிய வேறுபாட்டை நீங்களே உண்டாக்கியவர் ஆவீர்கள்.

உங்கள் கடவுச்சீட்டில் திருத்தத் தகுந்த குறை ஒன்று இருக்கிறது, அது குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருப்பது. தமிழர்களிடம் இது மிகுதி. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் பரவலாக இல்லை. இனிஷியலைக் கடவுச்சீட்டில் விரித்து எழுத வேண்டியிருப்பதால், சிலர் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுக்கிறார்கள், சிலர் எல்லாவற்றையும் முதற்பெயருக்கான இடத்திலேயே எழுதிவிடுகிறார்கள். இரண்டாவது வகையினருக்கு அமெரிக்க விசாவில் என்ன ஆகிறது என்றால், முதற்பெயரில் இருந்தது முழுவதும் குடும்பப் பெயராகப் போய், முதற்பெயருக்கான இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். இதனால் விசா மறுக்கப்படாது. ஆனால் அதே மூன்று எழுத்துகள் பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு என்று எல்லா இடத்திலும் உங்கள் முதற்பெயராக ஒட்டிக்கொள்ளும். அங்கே போன பிறகு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி அதை அகற்றுவதைவிட, மனு போடுவதற்கு முன்பே கடவுச்சீட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, உங்கள் பெயரை முதற்பெயராகவும் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகவும் பிரித்துக்கொள்வது எவ்வளவோ எளிது. மனு ஏற்கெனவே போயிருந்தாலும் டிஎஸ்-260 நிரப்புவதற்கு முன் இதைச் செய்யலாம். பழைய கடவுச்சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருந்து நேர்காணலுக்கு இரண்டையும் கொண்டுசெல்ல வேண்டும்.

கணவர் பெயரைச் சேர்ப்பது பற்றி. குடிவரவுச் சட்டம் அதைக் கேட்கவில்லை. மனைவி கணவர் பெயரைத் தாங்கவில்லை என்பதால் திருமணத்தின் உண்மைத்தன்மையில் எந்த அதிகாரியும் ஐயம் கொள்வதில்லை. அமெரிக்காவிலேயே திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்ளாத பெண்கள் ஏராளம். கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் துணைவர் பெயரை எழுதிக்கொள்வது வேறு, உங்கள் பெயரையே மாற்றிக்கொள்வது வேறு. முதலாவதை விரும்பினால் செய்துகொள்ளலாம், அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. இரண்டாவதை இப்போது செய்தால் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பழைய விசாக்கள் எல்லாம் ஒரு பெயரிலும் கடவுச்சீட்டு மட்டும் இன்னொரு பெயரிலும் நிற்கும். விளக்க வேண்டியவற்றில் ஒன்று கூடும். உண்மையிலேயே கணவர் பெயரை ஏற்க விரும்புபவர் அதைக் குடியுரிமை விண்ணப்பம் வரை ஒத்திவைக்கலாம். குடியுரிமை பெற்றவரின் துணைவர், அவரோடு இணைந்து வாழ்ந்துவரும் நிலையில், நிரந்தர வசிப்புரிமை பெற்று மூன்று ஆண்டுகள் ஆனபின் என்-400 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்திலேயே பெயர் மாற்றம் கோரலாம். உறுதிமொழி விழாவை நீதிமன்றம் நடத்தும் இடங்களில் நீதிபதியே மாற்றத்தை ஆணையிடுகிறார். இதற்கென்று தனி வழக்குப் போட வேண்டிய தேவை அப்போது இருக்காது.

இனி, அதிகம் பேர் அலட்சியமாகக் கடந்துபோகும் பகுதி. ஐ-130, டிஎஸ்-260, அமெரிக்காவுக்குள்ளிருந்தே விண்ணப்பிப்பவர்களுக்கான ஐ-485 ஆகிய எல்லாப் படிவங்களிலும் 'பயன்படுத்திய வேறு பெயர்கள்' என்று ஒரு கேள்வி உண்டு. வேறு பெயர் என்றால் புனைபெயரோ தலைமறைவுப் பெயரோ என்று எண்ணிப் பலர் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். இனிஷியலோடு கூடிய பெயர், தந்தை பெயரோடு கூடிய பெயர், கணவர் பெயரோடு கூடிய பெயர், எழுத்துக்கூட்டல் மாறிய பெயர், ஏதாவது ஓர் ஆவணத்தில் இடம்பெற்ற வீட்டுப் பெயர் ஆகிய அனைத்தையும் இங்கே எழுத வேண்டும். உங்கள் பெயர் கலைவாணி, தந்தை சண்முகம், கணவர் பிரபாகரன் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டுப்படி முதற்பெயர் கலைவாணி, குடும்பப் பெயர் சண்முகம். அப்படியானால் வேறு பெயர்களாக எஸ். கலைவாணி, கலைவாணி எஸ்., கலைவாணி பிரபாகரன் ஆகியவை வர வேண்டும். பள்ளிச் சான்றிதழில் வகரத்துக்கு 'வி' என்ற ஆங்கில எழுத்துக்குப் பதில் 'டபிள்யூ' இருந்தால் அந்த வடிவமும் வர வேண்டும். இடம் போதாவிட்டால் படிவத்தின் இறுதியில் கூடுதல் தகவலுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் எழுதலாம். முன்பே சொல்லப்பட்ட பெயர் ஆவணத்தில் வரும்போது அது வெறும் தகவல். சொல்லப்படாத பெயர் வரும்போதுதான் அது கேள்வியாகிறது. முன்பு மாணவர் விசாவுக்கோ சுற்றுலா விசாவுக்கோ வேறு பெயர் வடிவில் விண்ணப்பித்திருந்தால் அதையும் சொல்லியே ஆக வேண்டும். கைரேகை வழியாக அந்தப் பழைய பதிவு எப்படியும் அவர்கள் முன் வந்துவிடும்.

ஐ-130 படிவத்திலும் டிஎஸ்-260 விண்ணப்பத்திலும் பெயரைத் தாய்மொழி எழுத்திலேயே எழுதுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. தமிழில் உங்கள் பெயர் எப்போதும் ஒன்றாகவே இருந்து, ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டுமே மாறியிருக்கிறது என்பதைக் காட்டுவதற்கு அது உதவும். அதைக் காலியாக விடாதீர்கள்.

எழுத்துக்கூட்டலைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். இந்தியக் கோப்புகளைப் பார்க்கும் அதிகாரிகளுக்குத் தகரத்தை ஒருவர் 'டி' என்றும் இன்னொருவர் 'டிஎச்' என்றும் எழுதுவதும், இனிஷியல் முன்னும் பின்னும் இடம் மாறுவதும் பழகிய செய்திகள். பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர் பெயர் ஆகியவை பொருந்தும்போது ஓரிரு எழுத்து மாறுவது எவருடைய மனுவையும் கவிழ்ப்பதில்லை. கவலைப்பட வேண்டியது, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக மாறியிருக்கும்போதுதான். பள்ளியில் சேர்க்கும்போது வயதை மாற்றிக் கொடுக்கும் பழக்கம் ஒருகாலத்தில் நம்மிடம் பரவலாக இருந்தது; அப்படிப்பட்டவருக்குப் பிறப்புச் சான்றிதழில் வீட்டுப் பெயரும் உண்மையான தேதியும், கடவுச்சீட்டில் பள்ளிப் பெயரும் பள்ளித் தேதியும் இருக்கும். அந்த இரண்டு ஆவணங்களையும் பெற்றோர் பெயர் தவிர வேறெதுவும் இணைக்காது. அத்தகையவர் மனு போடுவதற்கு முன்பே ஒன்றைத் திருத்தியாக வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் தனியாகப் பேசத் தக்கது, ஏனென்றால் பெயர்ச் சிக்கல்களில் கடினமானவை அதிலிருந்துதான் கிளம்புகின்றன. மிகச் சாதாரணமாகக் காணப்படுவது, பெயரே இல்லாத சான்றிதழ். மருத்துவமனையில் பிறப்பு பதிவாகும்போது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பிறகு யாரும் போய்ச் சேர்த்திருக்க மாட்டார்கள். சான்றிதழில் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். அதை அப்படியே இணைத்தால் கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வரும் என்று எதிர்பார்க்கலாம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பின்னாளில் பெயரைச் சேர்ப்பதற்கு வழி வைத்திருக்கிறது. அதற்குக் காலவரம்பு உண்டு, அரசு அதை அவ்வப்போது நீட்டித்தும் இருக்கிறது. பிறப்பு பதிவான ஊராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியின் பதிவாளரிடம் இப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெயர் சேர்க்கும்போது கடவுச்சீட்டின் நகலைக் காட்டி அதே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள். இங்கே ஒருமுறை கவனமாக இருந்தால் பின்னால் வரும் பல கேள்விகள் எழாமலே போகும்.

பெயரோ பெற்றோர் பெயரோ தவறாகப் பதிவாகியிருந்தால் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு திருத்தத்துக்கு இடமளிக்கிறது. மூலப் பதிவை அழிக்காமல், ஓரத்தில் குறிப்பு எழுதி, பதிவாளர் கையொப்பமிட்டு, தேதியும் இடுவதே அந்தப் பிரிவு சொல்லும் முறை. இது குடிவரவுக்கு மிகவும் ஏற்றது: பழைய பெயர், புதிய பெயர், திருத்திய அதிகாரி, திருத்திய நாள் எல்லாம் ஒரே பதிவில் வெளிப்படையாக நிற்கின்றன. இதற்கு மாறாக, ஏற்கெனவே பதிவு இருக்கும்போது அதைச் சொல்லாமல், தாமதப் பதிவு என்ற பெயரில் கடவுச்சீட்டோடு பொருந்தும் புதிய சான்றிதழ் ஒன்றை வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். சான்றிதழில் பிறந்த தேதியோடு பதிவான தேதியும் அச்சாகியிருக்கும். முப்பது ஆண்டு இடைவெளியை எந்த அதிகாரியும் கவனிக்காமல் விடமாட்டார். ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்கு உரிய அதிகாரியின் உத்தரவு வேண்டும் என்பதால் அந்த உத்தரவையும் கேட்பார்கள். வெறும் எழுத்து வேறுபாடாக இருந்த ஒன்று, பொய்யான ஆவணம் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டாக மாறினால், அது அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் நிரந்தரத் தடைக்கே வழிவகுக்கும்.

பிறப்பே பதிவாகாதவர்களுக்கு வழி வேறு. பதிவேட்டில் இல்லை என்று பதிவாளர் தரும் சான்றிதழை முதலில் பெற வேண்டும். அதோடு பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் போன்ற இரண்டாம் நிலைச் சான்றுகளையும், பிறப்பை நேரில் அறிந்த இருவரின் பிரமாணப் பத்திரங்களையும் சேர்க்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். இல்லை என்ற சான்றிதழ் முன்னால் இல்லாமல் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்தால் அதற்கு மதிப்பில்லை.

திருமணச் சான்றிதழைப் பொறுத்தவரை, உங்களுக்குப் பதிவு முடிந்துவிட்டது என்றாலும், இனிமேல் பதிவு செய்ய இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பத்தோடு திருமண அழைப்பிதழையும் அடையாளச் சான்றையும் வைக்கிறோம். அழைப்பிதழில் 'திருவளர்செல்வி' தொடங்கிப் பட்டப்படிப்பு வரை எல்லாம் இருக்கும், இனிஷியல் தமிழ் எழுத்தில் இருக்கும், சில வேளை வீட்டுப் பெயரும் இருக்கும். அடையாளச் சான்றாக ஆதாரை நீட்டினால் அதில் உள்ள வடிவமே சான்றிதழுக்குப் போய்விடும். ஆகவே மணமக்கள் இருவருமே கடவுச்சீட்டைக் கொடுத்து, அதிலுள்ளபடியே தட்டச்சு செய்யக் கேட்டுக்கொள்ள வேண்டும். கையெழுத்துக்கு முன் உள்ளீடு செய்த விவரங்களைப் படித்துப் பார்க்கும்போது, கடவுச்சீட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, கணவரின் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் உள்ள பெயர் வரிசை ஆகியவற்றில்தான் பிழை நேரும். சுற்றிலும் உறவினர்கள் அவசரப்படுத்தினாலும் இதற்கான நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் சான்றிதழில் இருப்பது எழுத்துக்கூட்டல் வேறுபாடு மட்டுமே என்பதால் திருத்த வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த வடிவத்தை வேறு பெயர்களின் வரிசையில் எழுதி, விளக்கக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். மணமகன் அல்லது மணமகள் பெயரே வேறாக இருந்தாலோ, பிறந்த தேதி தவறாக இருந்தாலோ, பதிவு செய்த அதே அலுவலகத்தில் திருத்தம் கோர வேண்டும். மறுமணம் செய்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் திருமணத்தின்போது கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தவரின் மணவிலக்குத் தீர்ப்பு அந்தப் பெயரில் இருக்கும். இப்போதைய திருமணச் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்கும். முந்தைய திருமணம் சட்டப்படி முடிந்தது என்பதே இப்போதைய திருமணம் செல்லும் என்பதற்கான அடிப்படை. ஆகையால் தீர்ப்பில் உள்ள பெண் நீங்கள்தான் என்று காட்டும் முதல் திருமணச் சான்றிதழையோ அக்காலத்துக் கடவுச்சீட்டையோ தேடி எடுத்து இணைப்பது இன்றியமையாதது.

இனி பிரமாணப் பத்திரம். நோட்டரி முன்னிலையில் 'இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவருடையவையே' என்று எழுதித் தருவது நம்மிடையே எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கருதப்படுகிறது. நோட்டரியின் முத்திரை, நீங்கள் கையெழுத்திட்டதைத்தான் உறுதிசெய்கிறது. நீங்கள் சொன்னது உண்மை என்பதை உறுதிசெய்வதில்லை. பின்னால் ஆவணம் இருந்தால் பிரமாணப் பத்திரம் அதை விளக்கும், ஆவணம் இல்லாத இடத்தை அது மட்டும் நிரப்பாது. பெயர் முழுவதுமாக மாறியிருந்தால், தமிழ்நாடு அரசிதழில் வெளியான பெயர் மாற்ற அறிவிப்பு அதைவிட வலுவான சான்று. எழுத்துக்கூட்டல் வேறுபாட்டுக்கு அரசிதழ் வரை போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நான் பரிந்துரைப்பது ஒரே பக்கத்தில் ஒரு விளக்கக் கடிதம். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய அதன் சாரம் இப்படி இருக்கலாம்: 'என் சட்டப்படியான பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி கலைவாணி சண்முகம். தமிழ்நாட்டு வழக்கப்படி தந்தையின் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிப் பெயரோடு எழுதுவோம். பிறப்புச் சான்றிதழில் உள்ள எஸ். கலைவாணி என்பதில் அந்த எழுத்து என் தந்தை சண்முகத்தைக் குறிக்கிறது. அவர் பெயர் அதே சான்றிதழில் தந்தை என்ற இடத்தில் உள்ளது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது அதே பெயரின் மாற்று எழுத்துக்கூட்டல். பிறந்த தேதி இரண்டிலும் ஒன்றே.' அதன் கீழே ஆவணத்தின் பெயர், அதில் உள்ள பெயர் வடிவம், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் என்று ஒரு சிறு அட்டவணை போட்டுவிடுங்கள். அதிகாரி நான்கு ஆவணங்களைப் புரட்டித் தானே கண்டுபிடிக்க வேண்டியதை நீங்கள் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறீர்கள். கடிதத்தில் வருத்தமோ மன்னிப்போ தேவையில்லை. யார் எப்போது ஏன் அப்படி எழுதினார் என்ற நீண்ட வரலாறும் வேண்டாம்.

தமிழில் மட்டும் உள்ள ஆவணங்களுக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, தமக்கு இரு மொழியிலும் தேர்ச்சி உண்டு என்று மொழிபெயர்ப்பாளர் கையொப்பமிட்ட உறுதிமொழியும் வேண்டும். தமிழெழுத்தில் உள்ள பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டலைப் பின்பற்றச் சொல்வது முறையானதே, ஏனென்றால் தமிழ்ப் பெயருக்கு அது சரியான வடிவங்களில் ஒன்று. ஆனால் மூலத்தில் இல்லாத தந்தை பெயரைச் சேர்ப்பதோ, இனிஷியலை விரித்து எழுதுவதோ, ஆங்கிலத்தில் ஏற்கெனவே அச்சாகியுள்ள பெயரை மாற்றுவதோ மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை. உறவினரிடம் கொடுக்காமல், மனுவோடு தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு செய்வது நல்லது.

மனு போன பிறகு பிழை தெரிந்தால் பதற வேண்டாம். யு.எஸ்.சி.ஐ.எஸ். அனுப்பும் ரசீது அறிவிப்பில் பெயர் தவறாக அச்சாகியிருந்தால் இணையம் வழியாகவே எழுத்துப் பிழைத் திருத்தம் கோரலாம். மனு ஏற்கப்பட்டு, நேர்காணலுக்கு முன் ஆவணங்களைத் திரட்டும் தேசிய விசா மையத்துக்குப் போன பிறகு தெரிந்தால் கடவுச்சீட்டின் நகலோடு அங்கே எழுதலாம். சமர்ப்பித்த டிஎஸ்-260 விண்ணப்பத்தையும் கேட்டுக்கொண்டால் மீண்டும் திறந்து தருவார்கள். கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வந்தால் அதில் குறித்த கெடுவுக்குள், அதிகபட்சம் 84 நாட்கள், பதில் போய்ச் சேர வேண்டும். அஞ்சலில் வந்த கடிதத்துக்கு மூன்று நாட்கள் கூடுதலாகக் கிடைக்கும். கேட்டவை அனைத்தையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டும், பாதியை இப்போதும் மீதியைப் பிறகும் அனுப்பலாம் என்ற கணக்கு செல்லாது; முதலில் போனதை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள். தூதரக நேர்காணலில் அதிகாரிக்கு ஐயம் எழுந்தால் 221(ஜி) என்ற பிரிவின் கீழ் ஒரு தாளைக் கொடுத்து இன்ன ஆவணம் வேண்டும் என்பார். பலர் அதை நிராகரிப்பு என்று எண்ணி உடைந்துபோகிறார்கள். கேட்ட ஆவணத்தை ஓராண்டுக்குள் கொடுத்தால் அதே விண்ணப்பம் தொடர்ந்து பரிசீலிக்கப்படும்.

கணவர் தரப்பையும் ஒருமுறை பாருங்கள். அவர் குடியுரிமை பெற்றபோது பெயர் வரிசையை மாற்றியிருக்கலாம். குடியுரிமைச் சான்றிதழ், அமெரிக்கக் கடவுச்சீட்டு, வருமான வரிப் படிவங்கள், உங்கள் திருமணச் சான்றிதழ் ஆகியவற்றில் அவர் பெயர் எப்படி இருக்கிறது என்பதும் கோப்பின் பகுதிதான். அவருடைய பழைய பெயர்களும் மனுவில் வர வேண்டும்.

வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ 16 வயதுக்குப் பின் ஓராண்டுக்கு மேல் வசித்திருந்தால் அந்நாட்டின் காவல்துறைச் சான்றும் கேட்கப்படும், அது அன்றைய கடவுச்சீட்டுப் பெயரில்தான் வரும். பழைய கடவுச்சீட்டை ரத்து செய்தாகிவிட்டது என்று தூக்கிப்போடக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லோரும் வழக்கறிஞரிடம் போக வேண்டும் என்று சொல்லமாட்டேன். உங்கள் நிலையில் தேவையே இல்லை. ஆனால் பெயரோடு பிறந்த தேதியும் மாறியிருப்பவர்கள், முன்பு வேறு பெயரில் விசா கேட்டு மறுக்கப்பட்டவர்கள், பழைய விண்ணப்பத்தில் முந்தைய திருமணத்தைச் சொல்லாமல் விட்டவர்கள் ஆகியோர் ஐ-130 போடுவதற்கு முன்பே அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கோப்பைக் காட்டிவிட வேண்டும். அங்கே கேள்வி பெயரைப் பற்றியதாக இருக்காது, தெரிந்தே தவறான தகவல் கொடுத்தாரா என்பதாக இருக்கும்.

விசா ஒட்டிய கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி இரண்டையும் அன்றைக்கே சரிபார்த்து, பிழை இருந்தால் பயணத்துக்கு முன் தூதரகத்துக்கு எழுதுங்கள். கிரீன் கார்டில் உங்கள் பெயர் விசாவிலிருந்தே போகிறது. அட்டையில் பிழை இருந்து அது யு.எஸ்.சி.ஐ.எஸ். செய்ததாக இருந்தால் ஐ-90 படிவத்தில் கட்டணமின்றி மாற்றித் தருவார்கள். உங்கள் விண்ணப்பத்திலேயே பிழை இருந்தால் கட்டணம் உண்டு. போய்ச் சேர்ந்த பிறகு வங்கி, வாடகை ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றிலும் கிரீன் கார்டில் உள்ள வடிவத்தையே பயன்படுத்துங்கள். நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்காவிட்டால் இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை அட்டைதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களில், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைப் போடும்போது, இணைந்து வாழ்ந்ததற்கான இந்தத் தாள்கள்தான் சான்றாக நிற்கப்போகின்றன.

பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் கடவுச்சீட்டில் உள்ளதோடு பொருந்தவில்லை என்றால், கணவர் வழி மனுவுக்கு அது பெரிய தடையாக இருக்காது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் பின்னாளில் குடியுரிமை பெற்று அம்மாவையோ அப்பாவையோ அழைத்துக்கொள்ள விரும்பினால், அவர்கள் உங்கள் பெற்றோர் என்பதற்கு முதன்மைச் சான்று அதே பிறப்புச் சான்றிதழ்தான். பதிவாளர் அலுவலகம் எட்டும் தூரத்தில் இருக்கும்போதே, பெற்றோரும் நேரில் வந்து கையெழுத்திட முடிகிற இப்போதே, அந்த ஒரு திருத்தத்தைச் செய்துவைத்துக்கொள்ளுங்கள்.